ஆயிரம் யென் சுவர்

டோக்கியோவில் எந்த ரயில் நிலையத்தில் வேண்டுமானாலும் இறங்குங்கள். மெயின் ரோட்டை விட்டுவிட்டு இரண்டாவது சந்தில் திரும்புங்கள். அநேகமாக அப்படி ஒரு கடை அங்கே இருக்கும். மொத்தமே எட்டு ஸ்டூல். வாசலில் பாதிக் கதவை மறைத்தபடி ஒரு துணித்திரை. உள்ளே நீளமாக ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு பானை, பானைக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர். பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. எலும்பு சூப் கொதிக்கிற வாசனை தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும்.

அதுதான் ராமென் கடை.

கதவை ஒட்டி ஒரு இயந்திரம் நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் டோக்கன் விழும். அதை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். ஆபீஸ் முடிந்து பசியோடு வருகிற ஆசாமி அந்த இயந்திரத்தின் முன்னால் ஒரு விநாடி நிற்கிறார். 950 யென் என்று போட்டிருந்தால் யோசனையே கிடையாது, கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது. 1,050 யென் என்று இருந்தால் புருவம் சுருங்குகிறது. ராமெனுக்கா இவ்வளவு? திரும்பி நடக்கிறார்.

வித்தியாசம் வெறும் நூறு யென். இதே மனிதர் பக்கத்துத் தெருவில் இத்தாலிய பாஸ்தாவுக்கு 1,500 யென் கொடுத்துவிட்டு, 'நல்லா இருந்தது' என்று வாயைத் துடைத்துக்கொண்டு போவார். ராமென் என்றால் மட்டும் மனசு வராது. ஜப்பான்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஆயிரம் யென் சுவர்.' கண்ணுக்குத் தெரியாத சுவர். ஆனால், அதில் மோதி மண்டை உடைந்த கடைகள் ஏராளம்.

யார் கட்டினார்கள் இந்தச் சுவரை? நூறு வருஷத்துக்கு மேலே பின்னால் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு ராஜா கதையைச் சொல்லித் தள்ளிவிடலாம். மிட்டோ என்ற பகுதியை ஆண்ட டோகுகவா மிட்சுகுனி என்ற பிரபு, 1660-களில் சீனாவிலிருந்து வந்த ஓர் அறிஞரை அழைத்து ஆதரித்தார். அவர் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் சீன பாணி நூடுல்ஸ் சாப்பிட்டார். ஜப்பானில் முதன்முதலாக ராமென் சாப்பிட்டவர் சாட்சாத் அவர்தான் என்று ரொம்ப காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் பலகாரமாக இருந்தாலும் முதலில் ஒரு ராஜா வாயில் போட்டுப் பார்த்ததாகக் கதை கட்டாவிட்டால் நமக்குத் திருப்தி இருக்காதே! அவர் சாப்பிட்டிருக்கலாம். ஆனால், அந்தக் கிண்ணத்துக்கும் இன்றைய ராமெனுக்கும் நடுவே ஒரு தொடர்பும் இல்லை. ராமென் அரண்மனையிலிருந்து இறங்கி வந்த சாப்பாடு கிடையாது. அது துறைமுகத்தில் கரை ஏறியது.

1859-ல் யோகஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. வெள்ளைக்கார வியாபாரிகள் வந்தார்கள். அவர்களோடு கணக்கு எழுத, மூட்டை தூக்க, சமைக்க என்று சீனர்களும் வந்தார்கள். தங்கள் குடியிருப்பில் அவர்கள் ஆக்கிச் சாப்பிட்ட நூடுல்ஸ் ஜப்பானியர்களுக்குப் புதுசு. கோதுமை மாவோடு சோடா உப்பு மாதிரி ஒரு கரைசலைச் சேர்த்துப் பிசைவார்கள். அதனால் நூடுல்ஸ் லேசாக மஞ்சள் பூத்து, பல்லில் கடித்தால் ரப்பர் மாதிரி திமிறும். மேலே பன்றி, கோழி எலும்பில் எடுத்த சூப். புத்த மதத்தின் செல்வாக்கால் நூற்றாண்டுக் கணக்கில் இறைச்சியை ஒதுக்கி வைத்திருந்த தேசம் அது. சக்கரவர்த்தி மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று பகிரங்கமாக அறிவித்ததே 1872-ல்தான். அப்படிப்பட்ட ஊரில் எலும்பு சூப்பா?

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் ஒஸாகி கான்இச்சி. யோகஹாமாவில் சுங்க இலாகா அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, யோகஹாமா சீனர் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை அழைத்துக்கொண்டு டோக்கியோவுக்கு வந்தார். 1910-ல் அசகுசா பகுதியில் ஒரு கடை திறந்தார். பெயர் ராய்ராய்கென்.

அவர் இடம் பிடித்ததில் இருக்கிறது சாமர்த்தியம். அசகுசா அந்தக் காலத்து டோக்கியோவின் கேளிக்கை மையம். நாட்டின் முதல் நிரந்தர சினிமா கொட்டகை 1903-ல் அங்கேதான் வந்தது. பன்னிரண்டு மாடிக் கோபுரம் ஒன்று ஊருக்கே அடையாளமாக நின்றது. லீவு நாளில் தொழிற்சாலைப் பையன்கள், கடைச் சிப்பந்திகள், சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிற கும்பல் என்று ஜே ஜே என்றிருக்கும். எல்லோருக்கும் பசி. எல்லோர் பையிலும் சில்லறை மட்டும். ஒஸாகி அவர்களுக்காகக் கடை போட்டார். சீனப் பக்குவத்தின் மேல் ஜப்பானியருக்குப் பழக்கமான சோயா சாஸ் ருசியை ஏற்றினார். மலிவாகக் கொடுத்தார். சுடச்சுடக் கொடுத்தார். கூட்டம் அள்ளியது.

சுவரின் முதல் செங்கல் இதுதான். பிறக்கும்போதே ராமென் சில்லறைக் காசுக்காரர்களின் சாப்பாடு.

1923 செப்டம்பர் 1. மதிய சாப்பாட்டு நேரம். டோக்கியோவையும் யோகஹாமாவையும் பூகம்பம் புரட்டிப் போட்டது. அடுப்பு நெருப்பு ஊரெல்லாம் பரவியது. செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அசகுசாவின் பன்னிரண்டு மாடிக் கோபுரம் பாதியில் ஒடிந்தது. கடை இழந்தவர்களுக்குத் தள்ளுவண்டிதான் கதி என்றானது. ராத்திரி வேளையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, 'சாருமெரா' என்ற குழலை ஊதிக்கொண்டு போவார்கள். போர்ச்சுக்கீசியர்கள் விட்டுவிட்டுப் போன பெயர் அது. சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம், நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்டால் தெருவே எட்டிப் பார்க்கும்.

பெயரில் ஒரு கதை இருக்கிறது. ஆரம்பத்தில் இதை 'ஷினா சோபா' என்றார்கள். சீன நூடுல்ஸ் என்று அர்த்தம். வடக்கே சப்போரோ நகரில், 1922 வாக்கில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே தாகேயா என்று ஒரு சாப்பாட்டுக் கடை. சமைத்தவர் ஒரு சீனர். சாப்பிட வந்த ஜப்பானிய மாணவர்கள், சீனர்களைக் கேவலப்படுத்துகிற ஒரு வசைச் சொல்லைச் சேர்த்துத்தான் அந்த நூடுல்ஸைக் கேட்பார்களாம். கடைக்காரரின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. நம்மிடம் வேலை பார்க்கிற மனிதரின் காதில் இது விழலாமா? சமையல்காரர் பதார்த்தம் தயாரானதும் அடுக்களையிலிருந்து சீன மொழியில் 'ரெடி' என்று குரல் கொடுப்பார். அந்தக் கூவலின் கடைசி ஓசையைப் பிடித்து 'ராமென்' என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார் அந்த அம்மாள். ராமென் என்ற சொல் எப்படி வந்தது என்பதற்கு இன்னும் நாலைந்து கதைகள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் யுத்தம். அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை.

1945-ல் ஜப்பான் சரணடைந்தபோது குண்டு விழாத பெரிய நகரம் அபூர்வம். அந்த வருஷ அரிசி விளைச்சல் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குப் படுத்துவிட்டது. அதுவரை அரிசி அனுப்பிக்கொண்டிருந்த கொரியாவும் தைவானும் கைவிட்டுப் போயின. போதாக்குறைக்கு வெளிநாடுகளிலிருந்து அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினரும் குடிமக்களும் ஊர் திரும்பினார்கள். ரேஷன் இருந்தது. ஆனால், அதை மட்டும் நம்பினால் உயிர் வாழ முடியாது. ரேஷனுக்கு வெளியே உணவு வாங்குவது சட்டப்படி குற்றம்.

ரயில் நிலைய வாசல்களில் கள்ளச்சந்தை முளைத்தது. ரவுடிக் கும்பல்களின் பிடியில் கடைகள். அமெரிக்கா அனுப்பிய கோதுமையில் ஒரு பகுதி மாவு மில்களிலிருந்து ரகசியமாக நழுவி, இங்கே நூடுல்ஸாக மாறிக் கிண்ணத்தில் விழுந்தது. மேலே கொழுப்பு மிதக்கும் சூப். அரைவயிறும் கால்வயிறுமாக இருந்தவனுக்கு அது அமிர்தம். தெருவில் உணவு விற்கக் கூடாது என்ற யுத்தகாலத் தடையை ஆக்கிரமிப்பு நிர்வாகமும் நீட்டித்து வைத்திருந்தது. விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கைதானார்கள். விடுதலையானதும் மறுபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸின் முன்னால் நின்றவனுக்கு இருந்த கேள்வி விலை பற்றியது அல்ல. சட்டமா, வயிறா என்பது.

கிட்டத்தட்ட எல்லோரும் வயிற்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மறுத்தார். யமகுச்சி யோஷிதாதா. டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி. கள்ளச்சந்தையில் அரிசி வாங்கியவர்கள், விற்றவர்கள் மீதான வழக்குகள் அவர் முன்னால்தான் வரும். அவர்களுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதே கள்ளச்சந்தைச் சோற்றை எப்படித் தின்பது? தின்ன மாட்டேன் என்று முடிவெடுத்தார். ரேஷனில் வந்ததைப் பெரும்பாலும் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீர் மாதிரி எதையோ குடித்தார். 1947 ஆகஸ்ட் கடைசியில் சுருண்டு விழுந்தார். அக்டோபர் 11-ல் இறந்துபோனார். வயது 33. காரணம், சத்துக்குறைவு. பச்சையாகச் சொன்னால், பட்டினி.

செய்தி வெளிவந்தபோது ஜப்பானே ஆடிப்போனது. அவரை மகான் என்றவர்களும் உண்டு, பிழைக்கத் தெரியாதவர் என்றவர்களும் உண்டு. ஒன்று மட்டும் நிஜம். அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் அநேகமாக எல்லோர் வயிற்றிலும் கள்ளச்சந்தைச் சாப்பாடுதான் இருந்தது. அவர்கள் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

1950-ல் மாவு மீதான கட்டுப்பாடு தளர்ந்தது. வண்டி, கிண்ணம், நூடுல்ஸ், சூப் எல்லாவற்றையும் செட்டாக வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனிகள் வந்தன. கையில் முதல் இல்லாதவன், சீனாவிலிருந்து திரும்பிய சிப்பாய், வேலை போனவன் என்று எவன் வேண்டுமானாலும் மறுநாளே ராமென் வியாபாரி ஆகலாம். 1954-ல் அமெரிக்கா தன் உபரி தானியத்தை நட்பு நாடுகளுக்குத் தள்ளிவிட பி.எல். 480 என்ற சட்டம் போட்டது. நம் ரேஷன் கடைகளில் பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிய அமெரிக்கக் கோதுமை நினைவிருக்கிறதா? அதே சட்டம்தான். ஜப்பானில் அமெரிக்கப் பணத்தில் சமையல் பஸ்கள் கிராமம் கிராமமாகச் சுற்றி, கோதுமையில் என்னென்ன செய்யலாம் என்று செய்து காட்டின. அரிசிச் சோற்று தேசம் மெல்ல மாவுக்கும் பழகியது. ராமென் கட்டடத் தொழிலாளியின் சாப்பாடாகவும் மாணவனின் சாப்பாடாகவும் வேரூன்றியது.

(கள்ளச்சந்தை ராமென் வண்டியின் முன்னால் குளிரில் நின்ற வரிசையைப் பார்த்துத்தான் அண்டோ மொமொஃபுகு என்பவருக்குப் பாக்கெட் நூடுல்ஸ் யோசனை வந்தது. 1958 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அதன் விலை 35 யென். மலிவு என்று நினைக்காதீர்கள், அன்றைக்குக் கடையில் கிடைத்த சாதாரண நூடுல்ஸைவிட அது பல மடங்கு அதிகம். அது தனிக் கதை.)

நாம் அந்தத் துண்டு கட்டிய மனிதரிடம் வருவோம். அவர் ராத்திரியெல்லாம் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் பார்த்துவிட்டால், 950 யென் என்பது எவ்வளவு என்பது புரியும்.

எலும்பைக் கழுவி, ரத்தம் போக ஊறவைத்து, நுரை எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார். இன்னொரு பானையில் கடல்பாசி, காய்ந்த நெத்திலி, பிறகு சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு மரக்கட்டை மாதிரி காயவைத்த கருவாட்டின் சீவல். நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன்தான் அது. இத்தனை செய்தும் சூப்பில் உப்பு கிடையாது. உப்பும் உறைப்பும் 'தாரே' என்ற தனிச் சாற்றில் இருக்கிறது. கிண்ணத்தின் அடியில் முதலில் தாரே, அதன்மேல் சூப், அதன்மேல் நூடுல்ஸ். அந்தத் தாரேயின் பக்குவத்தைத்தான் ஒவ்வொரு கடைக்காரரும் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைப்பார். நூடுல்ஸை நீரிலிருந்து எடுக்கிற நேரம் விநாடிக் கணக்கு. மேலே பன்றி இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள். கிண்ணம் உங்கள் முன்னால் வந்துவிட்டால் போட்டோ, பேச்சு எல்லாம் அப்புறம். ஆற ஆற நூடுல்ஸ் ஊறிப்போகும். சர்ர்ரென்று சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

தெற்கே குருமே என்ற ஊரில் 1937-ல் ஒரு தள்ளுவண்டியில் பன்றி எலும்பு சூப் பிறந்தது. ஆனால், அப்போது அது தெளிவாகத்தான் இருந்தது. 1947-ல் வேறொரு கடைக்காரர் பானையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போக, அது கொதித்துக் கொதித்துப் பால் மாதிரி வெளுத்துவிட்டதாம். கொட்ட மனசில்லாமல் ருசி பார்த்தார்கள். இன்றைக்கு உலகமெல்லாம் ராமென் என்றாலே அந்த வெள்ளை சூப்தான் பலருக்கு நினைவு வருகிறது. அதே தெற்கில், ஃபுகுவோகா மீன் சந்தையில், ஏலத்துக்கு நடுவே ஓடிவந்து சாப்பிடுகிற தொழிலாளிகளுக்காக நூடுல்ஸை மெல்லிசாக்கினார்கள். மெல்லிசு என்றால் சட்டென்று வெந்துவிடும். பசி அடங்காவிட்டால் மிச்ச சூப்பிலேயே இன்னொரு கைப்பிடி நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். அவசரக்காரனின் கால்நிமிஷத்தை மிச்சப்படுத்தப் போய்ப் பிறந்த கைத்திறன் அது.

இப்போது இரண்டு மனிதர்கள். இவர்களைச் சொல்லாமல் ராமென் கதை நகராது.

முதலாமவர் யமகிஷி கஸுவோ. 1934-ல் பிறந்தவர். பதின்மூன்று பதினான்கு வயசுப் பையன்களெல்லாம் வேலைக்கு ஓடிய காலம் அது. இவரும் சீக்கிரமே டோக்கியோவுக்கு வந்து ராமென் தொழிலில் நுழைந்தார். கடை மூடிய பிறகு சிப்பந்திகள் சாப்பிட, வடிகட்டியில் தங்கிய நூடுல்ஸை ஆறவைத்து, சூப்பில் தோய்த்துத் தின்பது வழக்கம். அதை ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, எனக்கும் கொடேன் என்றார். 1955-ல் அதுவே மெனுவில் ஏறியது. விலை 40 யென். இன்று 'த்ஸுகெமென்' என்று ஜப்பான் முழுக்க ஓடுகிற பதார்த்தத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

1961-ல் இகெபுகுரோ பக்கம் ஒரு சின்னக் கடையைத் தனியாகப் போட்டார். கூடமாட மனைவி. கிண்ணம் நிறைய நூடுல்ஸ், மலிவு விலை. க்யூ தெருவைச் சுற்றிப் போகும். 1986-ல் மனைவி புற்றுநோயில் இறந்தார். யமகிஷி ஷட்டரை இறக்கிவிட்டார். பல மாதங்கள் திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள், வாருங்கள், காத்திருக்கிறோம் என்று கடை வாசலில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தார். வந்தவர், யார் கேட்டாலும் தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காசு வாங்கவில்லை, ரகசியம் வைக்கவில்லை. பெயரைக்கூட வைத்துக்கொள் என்றார். இப்படிக் கிளம்பிய சிஷ்யர்கள் நூற்றுக்கு மேல். 2007-ல் அந்த இடத்தில் கட்டடம் கட்டுவதற்காகப் பழைய கடை மூடப்பட்டது. கடைசி நாள் அன்று நின்ற வரிசையை டி.வி.க்காரர்கள் வந்து படம்பிடித்தார்கள். அவர் இறந்தது 2015 ஏப்ரலில். 'ராமென் கடவுள்' என்று பட்டம்.

இரண்டாமவர் ஸானோ மினோரு. 1986-ல் டோக்கியோவுக்குத் தெற்கே ஃபுஜிஸாவாவில் கடை திறந்தார். மாவு எங்கே விளைந்தது, கோழி என்ன ஜாதி, உப்பு எந்தக் கடல் என்று நாடெல்லாம் அலைந்து பொறுக்கியவர். கடைக்குள் பேசக் கூடாது. சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது, சூப்பின் வாசனை கெட்டுவிடும். மீறினால் எழுந்து போகச் சொல்லிவிடுவார். இவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தார்கள். 'ராமென் பேய்.' டி.வி.யில் இவர் சிஷ்யர்களைத் திட்டுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் இருந்தது. 2014-ல் இறந்தார்.

கடவுள் கடையில் சாப்பிடலாமா, பேய் கடையிலா? என்னைக் கேட்டால் கடவுள் பக்கம்தான் போவேன். சோறு போடுகிறவன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டால் எனக்கு இறங்காது. ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ராமென் என்பது வயிற்றை நிரப்புகிற மலிவுச் சரக்கு இல்லை, அதுவும் ஒரு கலைதான் என்று ஜப்பானை நம்பவைத்ததில் பேய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது.

காலமும் ஒத்துழைத்தது. 1985-ல் இதாமி ஜூஸோ 'தம்போபோ' என்று ஒரு படம் எடுத்தார். நொடித்துக் கிடக்கும் ஒரு விதவையின் ராமென் கடையை ஒரு லாரி டிரைவர் தூக்கி நிறுத்துகிற கதை. 1994-ல் ஷின்-யோகஹாமாவில் ராமெனுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். 1958-ம் வருஷத்துத் தெருவை அப்படியே உள்ளே கட்டி, ஊர் ஊராக உள்ள கடைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். (1976-ல் மூடப்பட்ட ஒஸாகியின் ராய்ராய்கென் 2020-ல் இங்கேதான் மறுபிறவி எடுத்தது.) பத்திரிகைகள் தரவரிசை போட்டன. 2015 டிசம்பரில், டோக்கியோ சுகாமோவில் ஒன்பதே இருக்கை கொண்ட 'த்ஸுதா' என்ற கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகத்திலேயே நட்சத்திரம் வாங்கிய முதல் ராமென் கடை. அதிகாலையிலேயே போய் ஆயிரம் யென் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கினால்தான் மதியம் இடம். அதை நடத்திய ஒனிஷி யூகி 2022-ல், 43 வயதில் இறந்துபோனார்.

நட்சத்திரம் வந்தது. மியூசியம் வந்தது. சுவர் மட்டும் அப்படியே நின்றது.

காரணம் ராமெனில் மட்டும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் சம்பளமும் ஏறவில்லை, விலைவாசியும் ஏறவில்லை. ஆபீஸ் போகிற கணவருக்கு மனைவி மாதாமாதம் கைச்செலவுக்கு எண்ணிக் கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. மதியச் சாப்பாடு அதற்குள் அடங்க வேண்டும். ஒற்றை 500 யென் நாணயத்தில் முடிகிற சாப்பாட்டுக்கு 'ஒரு காசு லஞ்ச்' என்றே பெயர். அப்படிப்பட்டவர் கையில் உள்ள ஒரு ஆயிரம் யென் நோட்டுக்குள் ராமென் அடங்கிவிட வேண்டும், கொஞ்சம் சில்லறை திரும்பவும் வேண்டும். அசகுசாவில் ஒஸாகி எழுப்பிய செங்கல், கள்ளச்சந்தையில் பூசிய சாந்து, சிஷ்யர்களுக்கு யமகிஷி ஊட்டிய தர்மம், இந்த எண்ணிக் கொடுத்த கைச்செலவு... எல்லாம் சேர்ந்துதான் சுவர்.

2022-ல் உக்ரைன் யுத்தம். கோதுமை விலை எகிறியது. ஜப்பான் தன் கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாடு. யென் மதிப்பு விழுந்தது. எலும்பு, காஸ், மின்சாரம், ஆள் கூலி எல்லாம் ஏறின. பெரிய செயின் கடைகள் மொத்தமாக வாங்கிச் சமாளித்தன. சந்துக்குள் இருக்கிற எட்டு ஸ்டூல் கடைக்காரர் என்ன செய்வார்? விலை ஏற்றினால் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார். ஏற்றாவிட்டால் விற்கிற ஒவ்வொரு கிண்ணத்திலும் கை கடிக்கிறது. 2023-ல் 53 ராமென் கடை நிறுவனங்கள் திவாலானதாக தெய்கோகு டேட்டாபேங்க் என்ற நிறுவனம் கணக்குச் சொன்னது. 2024-ல் 72. அதுவரை காணாத எண்ணிக்கை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடன் வைத்துவிட்டுத் திவாலானவர்களின் கணக்கு மட்டும் இது. ஒருநாள் காலையில் துணித்திரையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர்கள் இதில் வர மாட்டார்கள்.

அந்த 2024-ல்தான் இன்னொரு கூத்து. ஜூலை 3-ம் தேதி ஜப்பான் அரசு, இருபது வருஷத்துக்குப் பிறகு புது நோட்டுகளை வெளியிட்டது. ஆயிரம் யென் நோட்டில் கிடாசாடோ என்ற கிருமியியல் விஞ்ஞானியின் படம். பழைய டோக்கன் இயந்திரங்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நோட்டைத் துப்பின. புது இயந்திரம் வாங்க லட்சக்கணக்கில் யென் வேண்டும். ஒரு கிண்ணத்தில் ஐம்பது யென் ஏற்றத் தைரியமில்லாத கடைக்காரர், ஒரு இயந்திரத்துக்காக எத்தனை கிண்ணம் விற்க வேண்டும்? பல கடைகளில், 'புது நோட்டு செல்லாது, உள்ளே கேட்டால் மாற்றித் தருகிறோம்' என்று கையால் எழுதி ஒட்டினார்கள். ஆயிரம் யென்னைத் தாண்ட முடியாத கடைக்கு ஆயிரம் யென் நோட்டே எமனாக வந்து நின்ற கதை!

சிலர் 990 என்று போட்டுச் சுவரின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்கள். சிலர் துணிந்து 1,200, 1,500 என்று போனார்கள். தரம் தெரிந்தவர்கள் வந்தார்கள், வெளிநாட்டு டூரிஸ்டுகள் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். இரண்டாவது மாடியில் குடியிருக்கிற கிழவர் மட்டும் வருவதை நிறுத்திவிட்டார். கடைக்காரருக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

சரி, அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிற நம் ஆசாமி என்ன செய்யலாம்? பழக்கப்பட்டவர்கள் சில விஷயங்களைக் கவனிப்பார்கள். மெனு எவ்வளவு சின்னது? நாற்பது பொத்தானில் நாற்பது பதார்த்தம் என்றால் யோசிக்க வேண்டும். நாலே நாலு என்றால் அந்த நாலில் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. வாசலில் அடுக்கியிருக்கும் மரப்பெட்டியில் நூடுல்ஸ் தயாரிப்பாளரின் பெயர் இருந்தால், எங்கிருந்து வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். பெட்டியே இல்லாமல் உள்ளே மாவு மூட்டை தெரிந்தால் அவரே பிசைகிறார். எது வாங்குவது என்று குழம்பினால் இயந்திரத்தின் இடது மேல் மூலைப் பொத்தான். அநேகமாக எல்லாக் கடைகளிலும் அங்கேதான் கடைக்காரர் தன் மானத்தைப் பணயம் வைத்திருப்பார்.

விலையை அதற்குப் பிறகு பாருங்கள். 1,050 என்று இருந்தால், 950-ஆக இருந்த வரைக்கும் அந்த நூறு யென் யார் பையிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்று ஒரு விநாடி யோசித்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

டோக்கனைப் பலகையில் வைத்தால் துண்டு கட்டிய மனிதர் நிமிர்ந்து பார்ப்பார். வேறெதுவும் பேச மாட்டார். நூடுல்ஸ் விறைப்பாக வேண்டுமா, குழைவாகவா என்று மட்டும் கேட்பார்.